படத்தில் தெரியும் எழுத்துகளை உள்ளிடவும்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மும்பை செம்பூரில் எங்கள் காலனிக்கு இது தெரியும். நான் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் வங்கிக்குத் தெரியும். தினமும் என்னை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது ஒரே ஓர் இடத்துக்குத்தான். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயணச் சலுகை அட்டை கொடுக்கிற அரசு அலுவலகத்தின் இணையதளம் அது.

முன்பெல்லாம் அட்டையைப் புதுப்பிக்க நேரில் போவோம். என் கணவர் வரிசையில் நிற்பார், படிவம் வாங்குவார், எழுதுவார். நான் கட்டைவிரல் வைப்பதற்கும் புகைப்படத்துக்குச் சிரிப்பதற்கும் மட்டும். ஒருநாள், இனி எல்லாம் இணையத்தில்தான் என்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். என் கணினியில் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் உண்டு. மவுஸ் எனக்குத் தேவையில்லை. விசைகளைத் தட்டியே எல்லா வேலையையும் முடித்துவிடுவேன். அந்த மென்பொருளை நான் ஓடவிடும் வேகத்தில் கேட்டால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். இனிமேல் யார் தயவும் வேண்டாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி முடித்த கையோடு உட்கார்ந்தேன்.

"லிங்க். லிங்க். கிராஃபிக். பட்டன். பட்டன். பட்டன்" என்றது கணினி. எந்த லிங்க், எதற்கான பட்டன் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கடைசியில் விண்ணப்பப் பக்கத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தேன். அங்கே அது இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னது: "படத்தில் தெரியும் எழுத்துகளை உள்ளிடவும்."

யார் தயவும் வேண்டாம் என்ற முடிவு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"ஏன்னா, சித்த இங்க வரேளா?"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"முதல் எழுத்து ஜி. இல்லே, ஒம்பதா இருக்குமோ. அப்புறம் கோடு கோடா கிறுக்கி வெச்சிருக்கான். நடுவுல எறும்பு செத்துக் கிடக்கற மாதிரி என்னமோ ஒண்ணு."

"அந்த எறும்பு என்ன எழுத்து?"

"நேக்குத் தெரியலையே."

ஐந்து முறை முயன்றோம். ஐந்தும் தவறு. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லித் தளம் கதவைச் சாத்திக்கொண்டது. உதவி எண் என்று ஒன்று இருந்தது. திங்கட்கிழமை அதைக் கூப்பிட்டேன். எடுத்த பையனுக்கு நல்ல மரியாதையான குரல். திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே தட்டினால் போதும் மேடம் என்று ஹிந்தியில் சொன்னான். எனக்குப் பார்வை கிடையாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்றான். என் கணவரைக் கூப்பிட்டேன், அவருக்கும் தெரியவில்லை என்றேன்.

"அரே, உன்கோ பீ நஹீ திக்தா க்யா, மேடம்?"

அவருக்கும் பார்வை இல்லையா என்று கேட்கிறான். அந்தக் குரலில் இருந்தது உண்மையான இரக்கம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

டெலிபோன் போர்டில் நான் தேன் மாதிரிப் பேசுவேன் என்று வங்கியில் சொல்வார்கள். அன்றைக்கு அந்த அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் தேன் ஒரு சொட்டு இல்லை. பதில் வராது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து வந்தது. தளத்தைச் சரிசெய்யப் போகிறார்களாம்; அதை உருவாக்கிய கம்பெனி செம்பூர் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறதாம்; சனிக்கிழமை மதியங்களில் வந்து சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். "திட்டினா வேலை நடக்கறது" என்றார் என் கணவர். அவர் திட்டியதெல்லாம் வீட்டுக்குள்ளேதான்.

அந்த ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே வடாபாவ் கடை. எண்ணெய் வாசனையை வைத்தே மாடிப்படியைக் கண்டுபிடித்துவிடலாம். மேலே இரண்டு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் அரசு அதிகாரி, மராட்டிக்காரர், ஓய்வுபெற இன்னும் சில மாதங்கள் இருந்தவர். எல்லாரும் அவரை சாஹேப் என்றார்கள். இன்னொருத்தி அந்தத் தளத்தை எழுதிய புரோகிராமர். முதலில் அவளும் நானும் ஹிந்தியில்தான் பேசிக்கொண்டோம். என் கோல் எதிலோ சிக்கிக்கொண்டபோது, "அய்யோ, வயரு கெடக்கு" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"தமிழா நீ?"

"ஆமாக்கா. தாராவி. அப்பாவுக்குத் திருநவேலிப் பக்கம். நான் பொறந்ததே இங்கனதான். பேசுவேன், வாசிக்க மட்டும் வராது."

முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். குரலில் நல்ல தன்னம்பிக்கை. "மூணு வாட்டி டெஸ்ட் பண்ணியாச்சுக்கா. எல்லாத்துலயும் பாஸு" என்றாள்.

"யாரு டெஸ்ட் பண்ணினா?"

"ஒரு சாஃப்ட்வேரு."

சரி, நான் மனுஷி, நானும் பண்ணிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். அந்தப் பட எழுத்துகளை அன்றைக்கு மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். பேர், விலாசம் எல்லாம் பரவாயில்லை. பிறந்த தேதியில் வந்து நின்றேன். எண்ணைத் தட்டினால் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காலண்டர் திறந்தது, நடப்பு மாதத்தில். ஒரு பட்டன் மட்டும் பேர் சொன்னது: "முந்தைய மாதம்."

"வருஷம் மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"மேல வருஷத்து மேல மவுஸ வச்சு கிளிக் பண்ணணும்க்கா."

"நான் மவுஸே வெச்சுக்கறதில்லையே."

நான் தட்ட ஆரம்பித்தேன். ஒரு தட்டுக்கு ஒரு மாதம். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கணினி ஒவ்வொரு மாதத்தையும் வருடத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஊரடங்கைத் தாண்டினேன். என் மாமியார் எங்களோடு வந்து இருந்த எட்டு மாதம் எட்டே தட்டில் போய்விட்டது. அப்போது அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. ஒரு ஜனவரியில் நிறுத்தி, "இது என் கல்யாணம்" என்றேன். "பதாயீ ஹோ" என்று சாஹேப் வாழ்த்துச் சொன்னார். வங்கியில் வேலை கிடைத்த மாதம் வந்தது, போனது. காலேஜ், ஸ்கூல், ஹாஸ்டலில் மஞ்சள்காமாலை வந்து படுத்த ஜூலை. விரல் வலிக்க ஆரம்பித்தது. நாலாங்கிளாஸில் இருந்தேன். அப்போது கணினி, "உங்கள் நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும்" என்றது.

சாஹேப்தான் முதலில் பேசினார். இப்போதுதான் கதை சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது என்றார்.

"பதினஞ்சு நிமிஷ டைமு நாந்தாங்கா வச்சேன்" என்றாள் அவள், தணிந்த குரலில். "செக்யூரிட்டிக்கு."

"வாஸ்தவம்தான். நாலாங்கிளாஸ் வரைக்கும் நான் பத்திரமாத்தான் இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டுத் தானே பண்ணிப் பார்க்கிறேன் என்றாள். கண்ணை மூடிக்கொள்வதில் திருட்டுத்தனம் பண்ணலாம், அணைத்த திரையில் முடியாது. கணினி வாசிக்க வாசிக்க அவள் விசைகளைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில், "அக்கா, என் பேரை அடிச்சா 'அப்படி எதுவும் கிடைக்கவில்லை'ங்குது" என்றாள். பேர் எழுதும் கட்டம் என்று நினைத்துக்கொண்டு, தளத்தில் எதையாவது தேடுகிற கட்டத்தில் தன் பேரை மூன்று தடவை அடித்திருக்கிறாள். அன்றைக்கு முதல் பக்கத்தைத் தாண்ட அவளால் முடியவில்லை. அதை எழுதியதே அவள்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் வேகமாகப் போயின. வெறும் பட்டன்கள் எல்லாம் பேர் வைத்துக்கொண்டன. பிறந்த தேதியைத் தட்டியே எழுத முடிந்தது. நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லி, இன்னும் வேண்டுமா என்று கேட்டது. "சிவப்பில் உள்ள பிழைகளைத் திருத்தவும்" என்று ஓரிடத்தில் வந்தது. சிவப்பு என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அடுத்த வாரம் அது, "பின்கோடில் ஓர் இலக்கம் குறைகிறது" என்று மாறியிருந்தது. இவ்வளவு எளிய தமிழில் இல்லை, இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மராட்டியிலும்தான். ஆனால் விஷயம் அதுதான்.

சண்டை வந்தது முதல் பக்கத்துப் படங்களால். சாஹேபின் மேலதிகாரி ரிப்பன் வெட்டுகிறார், விளக்கேற்றுகிறார், மரம் நடுகிறார். படம் நாலு நொடிக்கு ஒருமுறை தானாக மாறும். ஒவ்வொரு தடவை மாறும்போதும் என் கணினி படித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு அவரிடம் ஓடிவிடும். ஒரு வரி படிப்பதற்குள் மூன்று மரம் நட்டுவிடுவார். எடுத்துவிடுங்கள் என்றேன். அதை மட்டும் எடுக்க முடியாது என்றார் சாஹேப். எடுக்க வேண்டும் என்றேன். ஓய்வு பெறும்வரை தனக்கு அந்த அலுவலகத்தில் உட்கார இடம் வேண்டும் என்றார். கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். படங்கள் இருக்கட்டும், ஆனால் தானாக நகர வேண்டாம். நகர்த்த ஒரு பட்டன், நிறுத்த ஒரு பட்டன்.

நிறுத்தும் பட்டனை சாஹேப் தானே அமுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவையும் அமுக்கினார். "இந்த மாதிரி ஒண்ணு ஆபீஸ் மீட்டிங்கிலயும் கிடைக்குமா?" என்று அவளிடம் ஹிந்தியில் கேட்டார்.

இவ்வளவும் நடந்ததில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. உலகத்து மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் கூடி ஓட்டுப் போட்டு என்னை அனுப்பிவைத்த மாதிரி நடந்துகொண்டேன். காலனிக் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போதுகூட, தளம் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்கிற அணுகல்தன்மை பற்றி விளக்கம் சொன்னேன் என்று என் கணவர் சொல்கிறார். அந்த நிலையில்தான், விண்ணப்பிப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் அந்தப் பட எழுத்துகளுக்கு என்ன மாற்று என்ற கேள்வி வந்தது. நான் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"படமே வேண்டாம். விண்ணப்பிக்கறவா போனுக்குக் கணினி கூப்பிடட்டும். ஆறு இலக்கம் சொல்லட்டும். அதைத் தட்டினா உள்ள விட்டுடட்டும். எல்லார்கிட்டயும்தான் போன் இருக்கே."

சாஹேபுக்குப் பிடித்தது. அவளுக்கும் பிடித்தது. இரண்டு வாரத்தில் செய்து முடித்தாள். மணியடித்தது, ஒரு பெண் குரல் நிதானமாக எண்ணைச் சொன்னது, நான் தட்டினேன், கதவு திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த சனிக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் போய் நேந்திரங்காய் சிப்ஸ் சுடச்சுட வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன்.

அன்றைக்கு அவள் தன் மாமாவை, அம்மாவின் தம்பியை, அழைத்து வந்திருந்தாள். தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் கைப்பை தைக்கிறவர். சின்ன வயதிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. அவளுக்குச் சைகை மொழி அவர் மடியில் உட்கார்ந்தே வந்ததாம்.

"மாமாவுக்கும் அட்டை முடியப் போகுதுக்கா. அவுகளும் பண்ணிப் பாக்கட்டும்னு கூட்டியாந்தேன்."

"வரட்டுமே, வரட்டுமே" என்றேன், வீடு எனக்குச் சொந்தம் போல.

மாமா உட்கார்ந்தார். கீபோர்டு சத்தம் மடமடவென்று கேட்டது. என்னைவிட வேகம். பேர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் முடிந்தது. பிறகு மேஜை மேல் அவருடைய போன் அதிர ஆரம்பித்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார் என்று யோசித்தேன். இருபத்தைந்து வருடமாகப் போன் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு, மூன்றாவது தடவை அது அதிர்ந்தபோதுதான் விளங்கியது.

மாமா மேஜையைத் தட்டினார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"மாமா சிரிக்காவக்கா" என்றாள் அவள்.

"என்ன சொல்றார்?"

"சொல்லட்டுமா?"

"சொல்லு."

"'இதைக் கண்டுபிடிச்சவங்களுக்குக் காது மட்டும்தான் உண்டோ'ன்னு கேக்காவ."

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். சாஹேப் சிப்ஸை நொறுக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. நான் எழுதிய கடிதம் முழுக்க, உங்கள் கண்ணில் நாங்கள் படவே இல்லையா என்று கேட்டிருந்தேன். இப்போது இவர் என் காதில் விழவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு போன் வந்து வெளியே போனாள். சாஹேப் கை கழுவப் போனார். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நான் பேசினால் அவருக்குக் கேட்காது. அவர் கையசைத்தால் எனக்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் என் மணிக்கட்டை மெல்லத் தட்டிவிட்டுத் தன் போனை என் முன்னால் நீட்டினார். அதிலிருந்து ஓர் இயந்திரப் பெண் குரல் ஹிந்தியில் கேட்டது: "சிப்ஸ் நீங்கள் வாங்கியதா? நன்றாக இருக்கிறது."

அவர் படித்தது ஹிந்தியில். தமிழ் எழுத்து அவருக்கும் வராது. தட்டி எழுதியதைப் போனை வைத்துப் பேசவிட்டிருக்கிறார். நல்ல யோசனையாக இருந்ததால் நானும் என் போனை எடுத்து, நான் பேசுவதை ஹிந்தியில் எழுதும்படி வைத்துக்கொண்டு, மனதாரச் சொன்னேன்: "மாஃப் கீஜியே."

போனை அவர் பக்கம் நீட்டினேன். கொஞ்சம் பொறுத்து நாற்காலி நகர்ந்தது. பிறகு துணியால் எதையோ தேய்க்கும் சத்தம். நான் மறுபடி, "மாஃப் கீஜியே" என்றேன். தேய்ப்பது இன்னும் வேகமானது.

அவள் திரும்பி வந்தாள். "மாமா ஏன் மேசையைத் தொடைக்காவ?"

"நான் மன்னிப்புன்னா கேட்டேன்."

அவள் என் போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவளால் பேச முடியவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. மன்னித்துவிடுங்கள் என்ற 'மாஃப் கீஜியே'வை என் போன், சுத்தம் பண்ணுங்கள் என்று 'சாஃப் கீஜியே' ஆக்கிவிட்டது. அதுவும் இரண்டு தடவை. சிப்ஸ் தூள் சிந்தியதற்குத்தான் இந்த அம்மா இவ்வளவு கோபப்படுகிறாள் என்று அவர் மேஜையின் என் பாதியையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். அவள் சைகையில் விஷயத்தைச் சொன்னதும் அவர் மேஜையைத் தட்டிய தட்டில் என் டீ டம்ளர் ஆடியது.

அன்றைக்குத்தான் வேலை உருப்படியாக நடந்தது. எண்ணைக் குரலில் சொல்லவா, மெசேஜில் அனுப்பவா என்று தளம் முதலிலேயே கேட்கட்டும் என்று முடிவானது. விளக்க வீடியோவில் பேச்சு மட்டும்தான் இருக்கிறது, எழுத்து வேண்டும் என்றார் மாமா. அந்த வீடியோ எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன். இன்னும் யார் யாரைக் கேட்க வேண்டும் என்று அவள் குறித்துக்கொண்டாள். கை நடுங்குகிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவர் என்று சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். "ரெண்டாவது மாடிக்கு எப்படி வருவாவ?" அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. சாஹேப் எங்கெங்கோ போன் போட்டு, அடுத்த சனிக்கிழமையிலிருந்து தரைத்தளத்தில் ஒரு ஹாலை வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் மேஜை துடைத்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். உதவி எண் பையன் மேல் இருந்த கோபம் அன்றோடு அவருக்குப் போய்விட்டது. எனக்கும்தான்.

மழைக்காலம் முடிந்த பிறகு புதிய தளம் வந்தது. இந்தத் தடவையும் ஞாயிற்றுக்கிழமை காலைதான் உட்கார்ந்தேன். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் தயாராக நின்றார்.

"ஏதாவது பார்த்துச் சொல்லணுமா?"

"வேண்டாம்னா."

"எழுத்து கிழுத்து?"

"ஒண்ணும் வேண்டாம்."

அவர் நகரவில்லை. பாவமாக இருந்தது. எந்தப் புகைப்படத்தை அனுப்புவது என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம், மற்ற எல்லாவற்றுக்கும் நான் எடுத்துக்கொண்டதைவிட அதிகம். அட்டை தபாலில் வந்தது. புகார் கொடுக்கும் பக்கம் மட்டும் இன்னும் ஸ்கேன் பண்ணிய காகிதமாகவே இருக்கிறது, என் கணினிக்கு அது வெற்றுத்தாள். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாஹேப் ஓய்வு பெற்றுவிட்டதால் அது யார் கைக்குப் போகும் என்று தெரியவில்லை.

மாமாவுக்கு என்னைவிட ஒரு வாரம் முன்னாலேயே அட்டை வந்துவிட்டது. அதை அவர் மெசேஜில் தெரிவித்த விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஒரு நாள் அவளோடு பஸ்ஸில் தாராவி போய், அவர் பட்டறையில் எனக்கு ஒரு கைப்பை சொன்னேன். ஏணி மாதிரி ஒரு படி ஏறி மேலே போனால் முழுக்கத் தோல் வாசனை. அவர் ஒவ்வொரு தோலாக என் கையில் கொடுத்தார். எதைத் தடவும்போது என் முகம் மாறியதோ அதையே எடுத்து வைத்தார் என்று அவள் சொன்னாள். மடக்கிய கோலை வைக்க ஒரு பக்கத்தில் நீள அறை வேண்டும் என்று போனில் பேசிக் காட்டினேன். இந்தத் தடவை அது ஒழுங்காக எழுதியது. என்ன நிறம் என்று கேட்டார். நிறத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன், உங்கள் இஷ்டம் என்றேன்.

பை வந்த அன்று என் கணவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார்.

"மஞ்சள்" என்றார். "இப்படி ஒரு மஞ்சளை நான் பார்த்ததே இல்லை. தெருமுனையில நின்னாலும் தெரியும்."

மாமாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: ஏன் மஞ்சள்?

பதிலை என் போன் வாசித்தது. "உங்களுக்குக் கண் தெரியாது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும் இல்லையா? அவர்களுக்காக."

அந்தப் பையோடுதான் இப்போது தினமும் ஸ்டேஷன் ரோட்டைக் கடக்கிறேன். ஆட்டோக்காரர்கள் முன்னைவிடத் தூரத்திலேயே பிரேக் போடுகிறார்கள்.